பார்க்கின்சன் வந்தவங்களுக்கு எதுக்குங்க டான்ஸ் கிளாஸ்?

2010ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு சின்ன குறிப்பு வந்துச்சு, கூடவே வீடியோவும். நெதர்லாந்துல நைமேகன் ஊர்ல இருக்குற நரம்பியல் டாக்டர் பாஸ்டியான் ப்ளூம் குழு போட்டது. அதுல வர்றவருக்கு 58 வயசு, பார்க்கின்சன் (நடுக்கவாதம்) வந்து 10 வருஷம். நடக்கச் சொன்னா கால் தரையோட ஒட்டிக்குது, ஒரு ரெண்டு அடி வைக்கிறதுக்கே படாதபாடு படுறாரு, கடைசில விழுந்தே விட்டாரு. அடுத்த காட்சில அதே ஆளு சைக்கிள்ல ஏறி உக்காந்து ஜம்முனு மிதிச்சுட்டுப் போறாரு, வளைஞ்சு திரும்புறாரு, ஒரு தடுமாற்றமும் இல்ல. இறங்கின உடனே கால் திரும்பவும் உறைஞ்சு போச்சு.

இதப் பாத்தா நடிக்கிறாரோன்னு கூட தோணும். "மாடிப்படி மட்டும் ஏற முடியுது, ஹால்ல நடக்க முடியலயா"ன்னு சொந்தக்காரங்களே கேக்குற வீடுகள் நெறய உண்டு, பாவம், அவங்களுக்கு பதில் சொல்லவும் தெரியாது. உண்மை என்னன்னா காலுக்கு ஒண்ணுமே ஆகல, தெம்பும் போகல. மூளைக்குள்ள "கிளம்பு"ன்னு கொடி காட்டுற இடத்துலதான் கோளாறு. இது புரிஞ்சாதான் பாட்டும் டான்ஸும் இதுல எப்படி வேலை செய்யுதுன்னு புரியும், இல்லன்னா "மனசுக்கு சந்தோசம், உடம்புக்கு நல்லது"ன்னு வாட்ஸாப் மெசேஜ் லெவல்லயே நின்னுடுவோம்.

நாம நடக்குறப்ப எந்தக் கால எப்ப தூக்கணும்னு யோசிக்கிறதே கிடையாது. போன் பேசிக்கிட்டு, பை தூக்கிக்கிட்டு, எதிர்ல வர்ற வண்டிக்கு ஒதுங்கிக்கிட்டு எல்லாம் நடக்குறோம். இப்படி யோசிக்காமலே நடக்க வைக்கிறதுல பெரிய பங்கு மூளையோட ஆழத்துல இருக்குற பேசல் கேங்லியாங்கிற பகுதிகளோடது. அது சரியா வேலை செய்ய டோபமைன் வேணும். அந்த டோபமைன தயாரிக்கிற செல்கள் நடுமூளைல ஒரு கருப்புத் திட்டுல இருக்கு, பார்க்கின்சன்ல அந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வருது, வெளிய கை நடுக்கம் தெரியுறதுக்குள்ள ஏற்கனவே கணிசமா போயிருக்கும். 1817ல லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோய பத்தி எழுதினப்ப டோபமைன்னு ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது. இப்ப இதுக்கு முக்கியமான மருந்து லெவோடோபா, மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும். (நம்ம பூனைக்காலி விதைல இதே லெவோடோபா இயற்கையாவே இருக்கு. அதுக்காக நாட்டு மருந்துக் கடைல வாங்கி நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க, ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையோட சேர்ந்து அளவு எங்கயோ போயிடும்.)

மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் நல்லாவே குறைக்கும். ஆனா பேலன்ஸ் போறது, நடக்குறப்ப கால் உறையுறது, இதெல்லாம் நோய் முத்த முத்த மாத்திரைக்கு அவ்வளவா அடங்காது. டான்ஸ் உள்ள வர்றது இந்த இடத்துலதான்.

மெயின் ரோட்ல மரம் சாஞ்சு கெடந்தா பஸ்ஸ சந்து வழியா சுத்தி விடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். நாமளா உள்ளேர்ந்து கிளப்புற அசைவு பெரும்பாலும் பேசல் கேங்லியா வழியா போகுது. வெளிய ஏதோ ஒரு சைகை வந்து, அதுக்கு ஏத்த மாதிரி அசையுறப்ப சிறுமூளை, அசைவுக்குத் திட்டம் போடுற பிரீமோட்டார் பகுதி இதுங்களோட பங்கு கூடுதலா இருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் கருதுறாங்க. அதனாலதான் வெறும் தரைல உறைஞ்சு நிக்கிறவரு, குறுக்க ஒரு கோடு போட்டா அத தாண்டிடுவாரு. படிக்கட்டும் வரிசையா கோடு போட்ட மாதிரிதான், அதான் ஏறிடறாரு.

கண்ணுக்கு கோடுன்னா காதுக்கு தாளம். 1996ல அமெரிக்காவுல மைக்கேல் தாட் குழு ஒரு பரிசோதனை பண்ணுச்சு, பார்க்கின்சன் உள்ளவங்கள 3 வாரம் தினமும் தாளம் கேட்டுக்கிட்டே நடக்க வச்சாங்க, நடை வேகம் சுமார் 25 சதவீதம் கூடுச்சு. தாளம் ஏன் அவ்வளவு சுலபமா காலுக்குப் போகுதுன்னா, மூளைல கேக்குற பகுதியும் அசைய வைக்கிற பகுதியும் நெருக்கமா இணைஞ்சு கெடக்கு. ஸ்கேனருக்குள்ள கை கால அசைக்காம படுத்துக்கிட்டு தாளம் கேட்டா கூட அசைவுப் பகுதிகள் விழிச்சுக்குதுன்னு 2007ல ஜெசிக்கா கிரானும் மேத்யூ பிரெட்டும் காட்டினாங்க. கச்சேரில கடைசி வரிசைல உக்காந்திருக்குற தாத்தா தொடையில தாளம் போடுறாருல்ல, அவரா முடிவு பண்ணி போடுறதில்ல அது. தாளத்துல இன்னொரு சௌகரியம் என்னன்னா அடுத்த அடி எப்ப விழும்னு முன்கூட்டியே தெரியும், மூளை அதுக்குள்ள தயாராயிடும்.

சரி, அப்ப ஒரே சீரா டிக் டிக்னு தாளம் போடுற மெட்ரோனோம் ஆப் ஒண்ணு போதுமே, டான்ஸ் எதுக்குன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி.

2001ல நியூயார்க் புரூக்ளின்ல, பார்க்கின்சன் உள்ளவங்களுக்காக ஒரு குழு நடத்திக்கிட்டிருந்த ஆலி வெஸ்ட்ஹைமர், அதே ஊர்ல இருக்குற மார்க் மாரிஸ் டான்ஸ் குரூப்ப அணுகி எங்காளுங்களுக்கு டான்ஸ் சொல்லித் தருவீங்களான்னு கேட்டாங்க. அவங்க கேட்டது சிகிச்சை இல்ல, நிஜமான டான்ஸ் கிளாஸ். டேவிட் லெவென்தால், ஜான் ஹெகின்பாத்தம்னு அந்த குரூப்ல மேடை ஏறி ஆடிக்கிட்டிருந்த டான்ஸர்களே சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. நாற்காலிய வட்டமா போட்டு உக்காந்தபடியே ஆரம்பிக்கிறாங்க, அப்புறம் கம்பியப் புடிச்சு நிக்கிறது, அப்புறம் ஹால் குறுக்க நடந்து ஆடுறது, முடிக்கிறப்ப எல்லாரும் வட்டமா கை கோத்துக்கிட்டு நிக்கிறது. பியானோ வாசிக்க நேர்ல ஆள். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், உள்ள வந்தவங்கள நோயாளின்னு நடத்துறதில்ல, டான்ஸர்னுதான் நடத்துறாங்க. கைய 10 தடவ நீட்டி மடக்குங்கன்னு சொன்னா அது பிசியோதெரபி, ஒரு அன்னப்பறவை சிறகு விரிக்கிற மாதிரி நீட்டுங்கன்னா அதே கை இன்னும் கொஞ்சம் தூரம் போகுது. ஏன்னா பார்க்கின்சன்ல அசைவு தானா சுருங்கிக்கிட்டே வரும், எழுத்து பொடியாகும், அடி குட்டையாகும், செய்றவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது. மனசுல ஒரு உருவத்த வச்சு கவனத்தோட பெருசா செய்றப்ப அந்த சுருக்கத்த கொஞ்சம் மீற முடியுது. மெட்ரோனோம் இத குடுக்காது.

இந்த மார்க் மாரிஸுக்கு நம்ம பக்கமும் ஒரு தொடர்பு உண்டு, சொல்லாம போக மனசு வரல. 1984ல அவரு புரூக்ளின்ல ஒரு தனி டான்ஸ் ஆடினாரு, இசை தியாகராஜரோட காம்போதி கீர்த்தனை "ஓ ரங்கசாயி", எம்.எஸ். சுப்புலட்சுமி பாடின பதிவு. ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் மேல தெலுங்குல எழுதி, மதுரைல பொறந்தவங்க பாடி, சியாட்டில்காரர் ஒருத்தர் புரூக்ளின்ல ஆடியிருக்காரு. அவரோட குரூப் ஆரம்பிச்ச பார்க்கின்சன் கிளாஸ் மாதிரி இப்ப பல நாடுகள்ல நடக்குது, நம்ம நாட்டுல புனேல ஹ்ருஷிகேஷ் பவார்ங்கிற டான்ஸரும் நடத்தியிருக்காரு. கலாச்சாரப் பரிமாற்றம்னா ரெண்டு நாட்டு மந்திரிங்க குத்துவிளக்கு ஏத்துறது, பொன்னாடை போத்துறது, குரூப் போட்டோன்னுதான் நமக்கு ஞாபகம் வரும். நிஜமான பரிமாற்றம் பெரும்பாலும் இப்படி யாரும் கையெழுத்து போடாமலே நடக்குது.

அதுக்கு இதவிட நல்ல உதாரணம் டாங்கோ. 19ஆம் நூற்றாண்டு கடைசில அர்ஜென்டினாவோட ப்யூனஸ் அயர்ஸ், உருகுவேயோட மாண்டவிடியோ துறைமுகப் பேட்டைகள்ல பொறந்த ஆட்டம். ஆப்பிரிக்க அடிமைகளோட வாரிசுங்க ஆடின காண்டோம்பே, கியூபாலேர்ந்து வந்த ஹபனேரா, இத்தாலி ஸ்பெயின்லேர்ந்து பொழைக்க வந்தவங்களோட பாட்டுன்னு எல்லாம் கலந்தது, அதோட அடையாளமா இருக்குற பாண்டோனியன், அதாவது விரிச்சு மடக்கி வாசிக்கிற பொட்டி, ஜெர்மனில செஞ்சது. கௌரவமான குடும்பங்கள்ல சேத்துக்காத ஆட்டம், பாரிஸ் போய் பேர் வாங்கின பொறவு சொந்த ஊர்லயும் மரியாதை கெடச்சுது. 2009ல யுனெஸ்கோவோட கலாச்சார பாரம்பரியப் பட்டியல்ல ஏறுச்சு.

இந்த ஆட்டத்த அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகர்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல மேடலின் ஹாக்னியும் கேமன் எர்ஹார்ட்டும் பார்க்கின்சன் உள்ளவங்களுக்கு சொல்லிக் குடுத்துப் பாத்தாங்க. ஏன் டாங்கோன்னா, அதுல அடிப்படையே நடைதான். நடக்கணும், சட்டுனு நிக்கணும், திரும்ப கிளம்பணும், பின்னாடி நடக்கணும், சின்ன இடத்துல திரும்பணும், எடைய ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு முழுசா மாத்தணும். பார்க்கின்சன் உள்ளவங்க எங்கெங்க விழுவாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டா அதுவும் கிட்டத்தட்ட இதேதான். போதாததுக்கு ஜோடியா புடிச்சிருக்குறவரோட உடம்பு நகர்றதே இன்னொரு சைகை, காதுல தாளம், மார்புக்கு எதிர்ல ஒரு ஆளு, ரெண்டும் சேர்ந்து வழி காட்டுது. 2012ல ரையன் டங்கனும் எர்ஹார்ட்டும் வெளியிட்ட ஆராய்ச்சில 62 பேர குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வாரம் ரெண்டு கிளாஸ்னு 12 மாசம் டாங்கோ, மறுபாதிக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை வேலை செய்யாத நேரமாப் பாத்து டெஸ்ட் பண்ணினப்ப, அசைவுக் கோளாற அளக்குற மதிப்பெண் டாங்கோ குழுவுல சுமார் 29 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, அதாவது கோளாறு அவ்வளவு குறைவு, மத்தவங்ககிட்ட சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. தனியா ஆடினா நல்லதா ஜோடியா ஆடினா நல்லதான்னு ஹாக்னியும் எர்ஹார்ட்டும் வேற ஒரு ஆராய்ச்சில பாத்தாங்க, ரெண்டுலயும் முன்னேற்றம் இருந்துச்சு, ஆனா ஜோடியா ஆடினவங்கதான் இன்னும் ரசிச்சு, தொடர்ந்து வரணும்னு அதிகமா ஆசைப்பட்டாங்க. எனக்கு முதல் ரிசல்ட்ட விட இந்த ரெண்டாவதுதான் பெருசா படுது, ஏன்னா டாக்டர் எழுதிக் குடுக்குற உடற்பயிற்சி பேப்பர் எத்தன வீட்டு பிரிட்ஜ் மேல மாசக்கணக்கா தொங்குதுன்னு நமக்குத் தெரியாதா.

கூட்டமா ஆடுறதுக்கும் தனியா ஒரு வேலை இருக்கு. 2015ல பிரேசில்ல 264 பள்ளி மாணவர்கள குழு குழுவா ஆட வச்சாங்க, சில குழு ஒரே மாதிரி ஒத்து ஆடணும், சில குழு ஆளுக்கொரு ஆட்டம். முன்னாடியும் பின்னாடியும் ரத்த அழுத்தம் பாக்குற பட்டைய கைல இறுக்கி எவ்வளவு வலி தாங்குறாங்கன்னு அளந்தாங்க. ஒத்து ஆடினவங்க கூடுதலா வலி தாங்கினாங்க, கூட ஆடினவங்களோட நெருக்கமா உணர்றதாவும் சொன்னாங்க. வலிய குறைக்க உடம்பே தயாரிக்கிற எண்டார்ஃபின் சுரக்குறதுக்கு இத ஒரு மறைமுக அளவா எடுத்துக்குறாங்க, நேரடியா அளக்கல, அத ஞாபகம் வச்சுக்கணும். பார்க்கின்சன்ல முகத்துல உணர்ச்சி தெரியாம போயிடும், பாக்குறவங்க கோவமா இருக்காரு போலன்னு ஒதுங்கிடுவாங்க, அவரும் கல்யாணம் காட்சிக்கு போறத நிறுத்திடுவாரு. அப்படி வீட்டோட அடைஞ்சவரு வாரத்துல ஒரு நாள் சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, தன்ன மாதிரியே கை நடுங்குற 20 பேரோட வட்டமா நிக்கிறாருன்னா, அதுல எவ்வளவு டோபமைன் எவ்வளவு எண்டார்ஃபின்னு பிரிச்சு சொல்ல முடியாட்டியும் பரவால்ல.

இப்ப கொஞ்சம் தண்ணி ஊத்தணும். டொரன்டோல யார்க் பல்கலைக்கழகம் 2021ல போட்ட ஆராய்ச்சில, வாரம் ஒரு கிளாஸ்னு 3 வருஷம் ஆடின 16 பேருக்கு அசைவுக் கோளாறு எதிர்பாத்த அளவு மோசமாகலன்னு வந்துச்சு. உடனே "டான்ஸ் பார்க்கின்சன நிறுத்திடும்"னு தலைப்பு போட ஆள் இருக்கு. 16 பேர்தான், குலுக்கல் கிடையாது, 3 வருஷம் விடாம கிளாஸுக்கு வர்றவங்க ஏற்கனவே கொஞ்சம் தெம்பும் ஆர்வமும் உள்ளவங்களாதான் இருப்பாங்க. மருந்து ஆராய்ச்சி மாதிரி யாருக்கும் போலி மாத்திரை குடுத்து ஏமாத்தவும் வழியில்ல, ஆடுறவங்களுக்கு ஆடுறோம்னு தெரியும். 2019ல உலக சுகாதார நிறுவனம் 3000க்கு மேல ஆராய்ச்சிகள தொகுத்து கலை உடம்புக்கும் மனசுக்கும் உதவுதுன்னு அறிக்கை குடுத்துச்சு, நல்ல அறிக்கைதான், அதுலயும் எல்லா ஆராய்ச்சியும் ஒரே தரம் இல்ல. செத்த செல்ல டான்ஸ் திருப்பிக் கொண்டு வராது, மாத்திரைய நிறுத்தவும் கூடாது.

வீட்ல யாருக்காவது இருந்தா, டாங்கோ கிளாஸ் தேடி அலைய வேணாம். அவங்களுக்குப் புடிச்ச, அடி தெளிவா விழுற பாட்டா நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க, அவங்க சாதாரணமா நடக்குற வேகத்துக்கு ஒட்டியோ ஒரு துளி வேகமாவோ இருந்தா போதும், டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ ஒரு வார்த்த கேட்டுட்டு, புடிச்சுக்க ஒரு மேசையோ சுவரோ பக்கத்துல இருக்குற மாதிரி பாத்துக்கிட்டு ஆரம்பிங்க. நடக்குறப்ப கால் உறைஞ்சு நின்னுட்டா மட்டும் கையப் புடிச்சு முன்னாடி இழுக்காதீங்க, உடம்பு முன்னால வரும், கால் அங்கயே நிக்கும், விழுந்துடுவாங்க. நிக்க விடுங்க, ஒரு மூச்சு விடட்டும், எடைய இடம் வலம்னு ரெண்டு தடவ ஆட்டச் சொல்லுங்க, அப்புறம் நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க, மூணுக்கு கால எடுத்து வைக்கட்டும்.