பொட்டானிக்கல் கார்டன்ல பூ படம் எடுக்கறீங்களா, வெளிச்சத்துக்காக செடிய வளைக்காதீங்க

14 வருஷமா செடி கொடி பூ மட்டும்தான் படம் எடுக்கறேன். விதை கேட்டலாக், தாவரவியல் புத்தகம், அப்புறம் புதுசா கத்துக்கறவங்கள காலைல தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் சொல்லிக்கொடுக்கறது, இதான் என் வேலை. போன சீசன்ல அப்படி வந்த ஒரு தம்பி, ஆர்வம் ஜாஸ்தி, நல்ல பையன், நிழல்ல இருந்த ஒரு பூ மேல வெயில் விழணும்னு கிளைய இழுத்துப் புடிச்சார், பட்டுனு ஒடிஞ்சிருச்சு. அந்தக் கிளைல இன்னும் நாலு மொட்டு இருந்துச்சு. அவர் முகமே செத்துப்போச்சு, எனக்கு அதுக்கு மேல, ஏன்னா உள்ள போறதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அதான் இப்ப எழுதறேன்.

அந்தப் பூவுக்கு வெயிலே தேவைப்படல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். நிழல்ல இருக்கற பூவுக்கு மேல இருக்கற மொத்த வானமும் விளக்கு மாதிரி, எல்லாப் பக்கமும் இருந்து மென்மையா வர்ற வெளிச்சம், இதழோட மடிப்பு, நரம்பு, லேசான கலர் மாத்தம் எல்லாம் அதுலதான் தெரியும். உச்சி வெயில்ல பாருங்க, வெள்ள இதழ் வெளுத்துப்போய் டீடெயிலே இருக்காது, கீழ நிழல் கருப்பா அடைச்சுக்கும், எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் வெளுத்தது திரும்பி வராது. மேகம் மூடின நாள்ல "இன்னிக்கு வெளிச்சமே இல்லையே"ன்னு கேமராவ உள்ள வைக்கறவங்கள நெறைய பாத்துருக்கேன், எனக்கு அதான் வருஷத்துலயே நல்ல நாள். ஒண்ணு மட்டும் கவனிங்க, வெளிச்சத்தோட கலர கெல்வின்னு ஒரு அளவுல சொல்வாங்க, அது கூடக்கூட நீலம், நேர் வெயில் சுமார் 5500 கெல்வின்னா நிழல் 7000, 8000 வரைக்கும் போகும், அதனால படம் நீலமா வரும், கேமராவுல கலர் சரிபண்ற ஒயிட் பேலன்ஸ்ல ஷேட் வச்சுக்கங்க இல்ல சென்சார் பாத்தத அப்படியே வைக்கற ரா ஃபைல்ல எடுத்து அப்புறம் சரி பண்ணுங்க. சுத்தி ஒரே இலையா இருந்தா பச்சையும் கொஞ்சம் ஏறும், வெள்ளப் பூவுல அது நல்லாவே தெரியும்.

சரி, வெயில்லதான் பூ இருக்கு, என்ன பண்றது? உங்க நிழலே போதும் பல நேரம், சும்மா அந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்க. இல்லன்னா வெளிச்சத்த பரப்பி விடற ஒரு மடக்கு டிஃப்யூசர், அது இல்லன்னா மெல்லிசான வெள்ளத் துணி, பூவுல படாம எவ்வளவு கிட்ட புடிக்க முடியுமோ அவ்வளவு கிட்ட புடிங்க, கிட்ட போகப்போகத்தான் வெளிச்சம் மென்மையாகும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, பூவ மட்டும் மறைச்சு பின்னாடி இருக்கற புல்லு வெயில்ல பளபளன்னு இருந்தா பேக்ரவுண்ட் எரிஞ்சு போயிடும், அதனால பின்னாடி மரத்து நிழல் வர்ற மாதிரி ஒரு கோணம் தேடுங்க, ரெண்டடி நகர்ந்தாலே பெரும்பாலும் கிடைச்சிடும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது எதிர்வெளிச்சம். காலைல சூரியன் தாழ இருக்கும்போது அது பூவுக்குப் பின்னாடி இருக்கற மாதிரி நீங்க உக்காந்து பாருங்க, மெல்லிசான இதழ்னா உள்ளுக்குள்ள விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும், நரம்பு ஒண்ணொண்ணா எண்ணலாம், தண்டுல இருக்கற பூனை முடிகூட வெள்ளிக்கம்பி மாதிரி மின்னும். லென்ஸ்ல நேரா வெயில் விழாம ஹூட் போடுங்க இல்ல கையால மறைங்க. இலை மேல வெள்ளையா பளபளப்பு அடிச்சா லென்ஸ் முன்னாடி மாட்டற போலரைசர் ஃபில்டர போட்டுத் திருப்பிப் பாருங்க, ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி), ஆனா இலையோட நிஜ பச்சை வெளிய வரும்.

கலர் விஷயத்துல சிவப்புப் பூதான் எல்லாரையும் ஏமாத்துது. செம்பருத்தி எடுத்துட்டு வந்து "சார் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு"ம்பாங்க. மொத்த வெளிச்சம் சரியாதான் இருக்கும், ஆனா கேமரா காட்டற வெளிச்ச வரைபடத்துல, அதாவது ஹிஸ்டோகிராம்ல, மூணு கலரையும் தனித்தனியா பாத்தா சிவப்பு மட்டும் வலது சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும், சிவப்போட டீடெயில் போயிடுச்சுன்னு அர்த்தம். அதனால சிவப்புப் பூவுக்கு எக்ஸ்போஷர மூணுல ரெண்டு பங்கு ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் குறைச்சு எடுங்க. ஃப்ரேம் நிறைய வெள்ளப் பூன்னா நேர் எதிர், கேமரா அத சாம்பலா மாத்தப் பாக்கும், கொஞ்சம் கூட்டணும். நீலப் பூ சிலது படத்துல ஊதாவா வரும், அது உங்க தப்பு இல்ல, அந்தப் பூக்கள் சிவப்போட கடைசி எல்லையிலயும் அதத் தாண்டி இன்ஃப்ராரெட்லயும் நெறைய வெளிச்சத்த திருப்பி அனுப்புது, அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிமுக்கும் சென்சாருக்கும் கொஞ்சம் தெரியும். ஃபிலிம் காலத்துலயே அஜரேட்டம்ங்கற நீலப் பூ பேர்ல இதுக்கு அஜரேட்டம் எஃபெக்ட்னு பேரு வச்சுட்டாங்க.

எப்ப போறதுங்கறத செடிதான் முடிவு பண்ணும். தாமரை காலைல விரியும், மத்தியானத்துக்குள்ள கூம்ப ஆரம்பிச்சிடும், பத்து மணிக்கு மேல போய் மூடின பூவ விரலால பிரிக்கறவங்கள பாக்கறப்ப வயிறு எரியுது. அந்திமந்தாரைக்கு சாயங்காலம்தான் போகணும். பெரிய தாம்பாளம் மாதிரி இலை போடற விக்டோரியா அல்லி முதல் நாள் அந்தில வெள்ளையா விரிஞ்சு, மூடி, மறுநாள் அந்தில ரோஸ் கலர்ல திரும்ப விரியும், ரெண்டும் வேணும்னா ரெண்டு நாள் வரணும், வேற வழியே இல்ல. சூரியகாந்தி நாள் பூரா சூரியனோட திரும்பும்னு நெனச்சுப் போவாங்க, அது இளம் செடிலதான், முத்தின பூ கிழக்க பாத்தபடி அப்படியே நின்னுடும், காலைல போனா முகத்துல வெளிச்சம், சாயங்காலம் போனா எதிர்வெளிச்சம்.

காத்துதான் பெரிய தொந்தரவு. மேக்ரோல, அதாவது ரொம்பக் கிட்ட போய், சென்சார்ல பூவோட நிஜ அளவே விழற மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு எடுக்கும்போது, ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவுல லென்ஸ் துவாரத்த எஃப் 8க்குச் சுருக்கினாலும் ஃபோகஸ் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், பூ மூச்சு விட்டாகூட தப்பிச்சுடும். அதுக்காக தண்டுல கிளிப் மாட்டறது, நூல் போட்டுக் கட்டறதெல்லாம் உங்க வீட்டுத் தொட்டில பண்ணிக்கங்க. பொதுத் தோட்டத்துல ஐஎஸ்ஓவ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்வ, ஏத்தி ஷட்டர் வேகத்த 1/250 நொடிக்கு மேல வச்சு, ரெண்டு காத்துக்கு நடுவுல ஒரு நொடி அசையாம நிக்கும் பாருங்க அதுக்குக் காத்திருங்க. விடியக்காலைல காத்து குறைவு, கூட்டமும் குறைவு.

செடி வளக்கற கண்ணாடி வீட்டுக்குள்ள போனா அங்க இருக்கற சூடு, ஈரத்துல லென்ஸ்ல ஆவி படியும், தொடைக்கத் தொடைக்கத் திரும்பப் படியும். பைய மூடியே வச்சு ஒரு 15, 20 நிமிஷம் உள்ள உக்காந்துட்டு அப்புறம் கேமராவ வெளிய எடுங்க.

அங்க ஆர்க்கிட் இருந்தா கைய பின்னாடி கட்டிக்கங்க, நிஜமாவே. மத்த பூ மாதிரி மகரந்தம் தூளா இருக்காது, சின்ன உருண்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும், தூசி தட்டறேன்னு பிரஷ் பட்டாகூட கழண்டு வந்துடும், அது கழண்டாலே பல ஆர்க்கிட்ல பூ வாட ஆரம்பிச்சிடும், மாசக்கணக்கா நிக்க வேண்டியது சில நாள்ல முடிஞ்சிடும். பனித்துளி வேணும்னு ஸ்பிரே அடிக்கறதும் அப்படித்தான், ஈரம் தங்கின இதழ்ல பூஞ்சை புள்ளி விழும், சிலர் கிளிசரின் வேற கலக்கறாங்க, அந்தப் பூவுக்கு வர்ற தேனீ என்ன பண்ணும் சொல்லுங்க. பாத்திக்குள்ள ஒரு கால் மட்டும் வைக்கறேன்ங்கறதும் வேண்டாம், நாப்பது பேர் ஒரு கால் வச்சா மண்ணு இறுகி வேருக்குக் காத்தே போகாது.

இவ்வளவு கறாரா ஏன் சொல்றேன்னா, பொட்டானிக்கல் கார்டன் பூங்கா மாதிரி தெரிஞ்சாலும் அது ஒரு சேகரிப்பு. ஃப்ராங்க்ளினியான்னு ஒரு வெள்ளப்பூ மரம், 1765ல அமெரிக்காவுல ஜார்ஜியா ஆத்தங்கரைல கண்டுபுடிச்சாங்க, காட்டுல கடைசியா பாத்தது 1803ல, இன்னிக்கு உலகத்துல இருக்கறதெல்லாம் மனுஷங்க தோட்டத்துல வளத்தது மட்டும்தான். நீங்க வளைக்கற கிளை எந்த மரத்தோடதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால முதல்ல பேர்ப்பலகைய ஒரு படம் எடுத்துக்கங்க, பேரு, குடும்பம், சில தோட்டத்துல அந்தச் செடிக்குன்னு தனி நம்பரும் இருக்கும், படத்துக்குக் கீழ சரியான பேரு போடவும் அது உதவும். டிரைபாட் அனுமதி உண்டான்னு வாசல்லயே கேட்டுடுங்க, விக்கறதுக்கு எடுக்கறீங்கன்னா தனி அனுமதி கேப்பாங்க.

தெரியாம ஏதாவது ஒடிஞ்சுட்டா ஒளிச்சுட்டு நழுவாதீங்க. நாங்க அன்னிக்கு நேரா தோட்டக்காரர் அண்ணன்கிட்ட போய் சொன்னோம். அவர் திட்டல, வந்து பாத்துட்டு, நார் நாரா கிழிஞ்சு தொங்குனா அழுகல் ஏறும்னு சொல்லி, ஒடிஞ்ச இடத்துக்குக் கீழ ஒரு கணுவுக்கு மேல கத்தரியால சுத்தமா வெட்டினார். வெட்டின துண்ட தம்பி கைல குடுத்து, "இப்ப எப்படி வேணா திருப்பி எடுத்துக்க"ன்னார். தம்பி கேமராவ பைக்குள்ள வச்சுட்டு, மொட்டெல்லாம் எத்தன நாள்ல விரிஞ்சிருக்கும்னு அவர்கிட்ட கேட்டுட்டு நின்னார்.