செல்ஃப் டிஸ்குளோஷர்: மனந்திறத்தல்

தன் திக்கலைத் தானே முன்வந்து சொல்லிவிடுவதற்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'செல்ஃப் டிஸ்குளோஷர்'. பேச்சைத் தொடங்கும்போதே ஒரு வரியில் சொன்னாலும் அதுதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது பதில் வராமல் நின்ற கதையை நாலு பேர் நடுவே விரிவாகச் சொன்னாலும் அதுதான்.

'டிஸ்குளோஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் இலத்தீனில் 'மூடு' என்னும் வினை. முன்னால் நிற்கும் 'டிஸ்' அதைத் திருப்பிப் போடுகிறது. ஆக, மூடியதைத் திறப்பது. தன்னைப் பற்றிப் பிறரிடம் சொல்வது என்ற பொதுப் பொருளில் உளவியலில் இதைப் பரப்பியவர் சிட்னி ஜுரார்ட். சக ஆய்வாளர் லசாக்கோவுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1958இல் வந்தது.

திக்குபவருக்குப் பெரும்பாடு திக்குவதைவிட அதை மறைப்பதில்தான். ஒரு வார்த்தை மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததும் வேறொன்றுக்குத் தாவிவிடுவார். கோலாலம்பூர்த் தமிழருக்கு இதில் கூடுதல் வசதி, வசதி என்று சொல்லலாமானால்: தமிழில் மாட்டினால் மலாய், மலாயில் மாட்டினால் ஆங்கிலம். எல்லாருமே கலந்து பேசுகிற ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்? மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், 'தே தாரிக்' (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வராவிட்டால் 'கோப்பி' என்று சொல்லி, பிடிக்காததைக் குடித்துவிட்டு வரலாம். வங்கியில் பெயர் கேட்டால்? சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. முதலிலேயே சொல்லிவிட்டவருக்கு இந்த ஓட்டம் மிச்சம். திக்கல் நின்றுவிடாது, பயம் குறையும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சுய வெளிப்படுத்தல்' அரசாங்கப் பாரம் நிரப்புவது போல இருக்கிறது. 'ஒப்புக்கொள்ளுதல்' வேண்டவே வேண்டாம். குற்றம் செய்தவர்தான் ஒப்புக்கொள்வார். மன்னிப்புக் கேட்கும் தொனியைவிட இயல்பாகச் சொல்வதையே கேட்பவர்கள் நல்லவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. என் தேர்வு 'மனந்திறத்தல்'. இலத்தீனில் உள்ள அதே திறப்பு. 'மனம் திறந்தார் நடிகை' என்று நாளிதழ்கள் அதைத் தேய்த்து வைத்திருக்கின்றன, இருந்தாலும் பரவாயில்லை.

'திக்குவாய்' பட்டப்பெயராகிவிட்டது, திக்கலுக்கான மலாய்ச் சொல் 'காகாப்'பையும் அப்படித்தான் கேலிக்கு எடுத்துக்கொண்டோம். 'திக்கல்' செயலை மட்டும் குறிக்கும், ஆள்மேல் ஒட்டாது. அகராதியில் 'தெற்றுவாய்' என்றும் உண்டு. தெற்றுப்பல்லில் வரும் அதே தெற்று, பின்னிக்கொள்வது. நல்ல சொல், ஆனால் இன்று சொன்னால் பல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

புழக்கத்தில் இப்படி: "எனக்குத் திக்கும். வார்த்தை வர கொஞ்சம் நேரமாகும், நீங்களா முடிச்சு வைக்காதீங்க." மலாய்க்காரரிடம்: "சாயா காகாப், துங்கு செக்கெஜாப் யா." எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க என்று அர்த்தம்.