லாய்த்தன், 1757: ஒரு படையை எப்படி அடுக்குவது?

1757 டிசம்பர் 5. சைலீசியாவில் லாய்த்தன் என்ற கிராமத்தைச் சுற்றி ஆஸ்திரியப் படை நிற்கிறது. அந்த ஊர் இன்று போலந்தில், வ்ரோத்ஸ்வாஃப் நகருக்கு மேற்கே இருக்கிறது. ஆஸ்திரியர்கள் ஏறக்குறைய 65,000 பேர். எதிரே வரும் வட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக்கிடம் சுமார் 35,000 பேர்தான். பொழுது சாய்வதற்குள் ஆஸ்திரியர்கள் 22,000 பேரை இழந்திருந்தார்கள், அதில் 12,000 பேர் கைதிகள். பிரஷ்யர்களின் இழப்பு 6,400 அளவில்.

மன்னரின் மேதைமை என்று சொல்லி இதை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது இரண்டு படைகளும் அடுக்கப்பட்டிருந்த விதம். இரண்டுமே ஏறத்தாழ ஒரே விதிப்படி நின்றவை. அந்த விதியின் பலம் ஒரு தரப்புக்கும் பலவீனம் மற்ற தரப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

விதி பிறந்தது மஸ்கெட் துப்பாக்கியின் குறைகளிலிருந்து. குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். குழலின் உள்ளே சுழல் வரி கிடையாது, குண்டும் குழலைவிடச் சற்றுச் சிறியது, அதனால் நேராகப் போகாது. போர்க்களத்தில் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம். பின்னாளில் பிரஷ்யர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நூறடி நீளம், ஆறடி உயரமுள்ள இலக்கை 75 கஜத் தொலைவிலிருந்து சுட்டால் நூறில் அறுபது குண்டுகள் பட்டன. 225 கஜத்தில் இருபத்தைந்து. அதுவும் புகை, பயம், கூச்சல் எதுவும் இல்லாத மைதானத்தில். அந்த இலக்கின் அளவைக் கவனியுங்கள்: ஒரு மனிதனின் அளவில் இலக்கு வைப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. தனி ஆளைக் குறி பார்க்க முடியாத ஆயுதத்தால் பயன் வேண்டுமென்றால், நூற்றுக்கணக்கான குழல்களை ஒரே பக்கம் நீட்டி ஒன்றாகச் சுட வேண்டும்.

ஆகவே காலாட்படையை நீளவாக்கில் விரித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மூன்றே வரிசை. அதற்கு மேல் ஆழம் வைத்தால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைத்தான் சுடுவான். முதல் வரிசை முழந்தாளிட, அடுத்த இரண்டும் நின்றபடி சுடும். தோளோடு தோள் உரசி நின்றால் ஆளுக்கு இரண்டடி இடம். 700 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் இப்படி நின்றால் சுமார் 140 மீட்டர் அகலம்.

இங்கே ஒரு வேடிக்கை. பிரஷ்யப் பட்டாலியனில் சம்பளம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் கம்பெனி என்ற சிறு பிரிவின் கணக்கில் நடக்கும். கேப்டனுடைய பொறுப்பு அது. சண்டைக்கு வந்தால் கம்பெனி கலைந்துபோகும். ஆட்களைச் சமமாகப் பிரித்து எட்டு பிளட்டூன்களாக நிறுத்துவார்கள். அவை முறை வைத்துச் சுடும், ஒன்று சுடும்போது இன்னொன்று மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கும். தன் கம்பெனியைச் சேராத அதிகாரியின் குரலுக்குக்கூட ஒருவன் சுட வேண்டியிருக்கும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நிஜத்தில் சில சுற்றுகளுக்குப் பிறகு அவரவர் கெட்டித்து அவரவர் சுடுவதில்தான் போய் முடியும் என்று அன்றைய அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டாலியன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் அணி. அதற்குச் சில நூறு தப்படி பின்னால் இன்னோர் அணி; முதல் அணியில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு. பட்டாலியனுக்கு இரண்டு சிறு பீரங்கிகள், அவற்றை ஆட்களே இழுத்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். நீண்ட கோட்டின் பலவீனம் அதன் இரண்டு முனைகள். பக்கவாட்டில் வருபவனைச் சுட முனையில் நிற்கும் மூன்று பேரால் மட்டுமே முடியும். அதனால்தான் குதிரைப்படையைப் பிரித்து இரண்டு முனைகளிலும் வைத்தார்கள். முனையை ஒட்டி கிரனேடியர் (பொறுக்கியெடுத்த வீரர்கள்) பட்டாலியன்களை நிறுத்துவதும் வழக்கம். எந்த ரெஜிமென்ட் (பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவார்கள். வலது கோடி கௌரவமான இடம், அதற்குப் பணிமூப்பு பார்ப்பார்கள், சண்டையும் நடக்கும்.

இன்றைய ராணுவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உறைக்காத ஒன்று உண்டு. இந்தப் படையில் நிரந்தரமான டிவிஷன்கள் இல்லை. தனக்கென்று காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி வைத்துக்கொண்டு சொந்தமாக முடிவெடுக்கும் துண்டுகள் கிடையாது. வலப்பக்கம், இடப்பக்கம், முதல் அணி, இரண்டாம் அணி என்று தளபதிகளுக்குப் பொறுப்பு பிரித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். முழுப் படையும் ஒரே ஒரு பொருள்.

சரி, பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பொருளை எப்படி நகர்த்துவது? முழுக்கோடாகவே முன்னேறினால் ஒரு வாய்க்கால், ஒரு வேலி போதும், கோணிப்போகும். அதனால் நெடுவரிசையாக நடந்து வந்து கோடாக மாறுவார்கள். இரண்டு பிளட்டூன்களுக்கு நடுவே, ஒரு பிளட்டூனின் அகலம் எவ்வளவோ சரியாக அவ்வளவு இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். ஆணை வந்ததும் ஒவ்வொரு பிளட்டூனும் கீலில் திரும்பும் கதவைப் போல 90 பாகை திரும்பும். கதவு மூடியதும் இடைவெளி இல்லாத முழுக்கோடு. நடையில் இடைவெளி கூடிப்போயிருந்தால் கோட்டில் சந்து விழும். குறைந்துபோயிருந்தால் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் நெரிபடுவார்கள். பிரஷ்யர்கள் நிமிடத்துக்குச் சுமார் 75 தப்படி என்று கால்களை ஒரே தாளத்துக்குப் பழக்கியதன் காரணம் இதுதான். அணிவகுப்பு அழகுக்காக வந்ததில்லை.

லாய்த்தனில் ஆஸ்திரியத் தளபதி லொரெய்ன் இளவரசர் சார்லஸ், கூடவே ஃபீல்டு மார்ஷல் டவுன். மேற்கே பார்த்தபடி, வடக்கே நிப்பெர்னிலிருந்து தெற்கே சாக்‌ஷூட்ஸ் வரை ஏழு கிலோமீட்டருக்கு மேல் படையை விரித்திருந்தார்கள். பிரெடரிக் நேரே வந்தார். அவருடைய முன்னணிப் படை போர்னே கிராமத்தருகே இருந்த காவல் குதிரைப்படையைச் சிதறடித்துவிட்டு வடக்குப் பக்கம் போக்குக் காட்டியது. ஆஸ்திரியர்களின் வலப்பக்கக் குதிரைப்படைத் தளபதி லுக்கேசி உதவி வேண்டும் என்று அடம்பிடிக்க, இருப்புப் படை வடக்கே போய்விட்டது.

அதே நேரத்தில் பிரஷ்யர்களின் இரண்டு அணிகளும் இரண்டு நெடுவரிசைகளாகி, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் தெற்கே நடக்கத் தொடங்கின. அந்த மேடும் பள்ளமும் அவர்களுக்கு அத்துப்படி, அமைதிக் காலத்தில் பயிற்சி செய்த இடம். ஆஸ்திரியர்கள் எதிரி பின்வாங்குகிறான் என்றே நினைத்தார்கள். நெடுவரிசையின் தலை ஆஸ்திரியக் கோட்டின் தெற்கு முனையைத் தாண்டியதும் ஆணை வந்தது, கதவுகள் இடப்பக்கம் திரும்பின. பகல் ஒரு மணி அளவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் முழுப் போர்க்கோடு. வலது கோடிப் பட்டாலியன் முதலில் கிளம்ப, அடுத்தடுத்தவை ஐம்பது ஐம்பது தப்படி பிந்தி வந்தன. ஆகவே மோதும் முனை கனமாக இருந்தது, இடது கோடி இன்னும் எட்டாமலேயே இருந்தது. குளோகாவ் கோட்டையிலிருந்து கொண்டுவந்த கனத்த பீரங்கிகள் பக்கத்திலிருந்து முழங்கின.

அந்த முனையில் நின்றவர்கள் வூர்ட்டம்பெர்க், பவேரியத் துருப்புகள். வெகுநேரம் தாங்கவில்லை. இப்போது சார்லஸ் என்ன செய்ய முடியும்? மேற்கே பார்த்து நிற்கும் ஏழு கிலோமீட்டர் கோட்டைத் தெற்கே பார்க்கத் திருப்ப வேண்டும். வடகோடியில் இருப்பவர்கள் பல கிலோமீட்டர் நடந்து வர வேண்டும். தானாக ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் தனித்துண்டு எதுவும் அவரிடம் இல்லை. வந்தவர்கள் வந்த வேகத்தில் லாய்த்தன் கிராமத்தருகே குவிந்தார்கள். சில இடங்களில் முப்பது வரிசைக்கு மேல் ஆழம் என்கிறார்கள். மூன்று வரிசைக்கு மேல் சுட முடியாத ஆயுதத்தோடு முப்பது வரிசை! மீதிப் பேர் பீரங்கிக்கு இரைதான். அப்படியும் ஆஸ்திரியர்கள் எளிதில் விடவில்லை. மதில் சூழ்ந்த தேவாலய வளாகத்தை வூர்ட்ஸ்பர்க் படையினர் விடாப்பிடியாகக் காத்தார்கள். கடைசியில் மோலன்டார்ஃப் என்ற பிரஷ்யக் கேப்டன் ஆட்களோடு வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்.

லுக்கேசி பிரஷ்யர்களின் இடது முனையைத் தாக்கக் குதிரைகளோடு பாய்ந்தார். முனையில் குதிரைப்படையை ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு விடை அங்கே ஒளிந்திருந்தது. டிரீசன் தலைமையிலான பிரஷ்யக் குதிரைப்படை மறைவிலிருந்து வந்து மோதியது. லுக்கேசி இறந்தார், அவருடைய குதிரைகள் சொந்தக் காலாட்படைக்குள்ளேயே போய் விழுந்தன. அத்தோடு கோடு உடைந்தது.

இது ஏழாண்டுப் போரின் ஒரு நாள். அதே போரின் தெற்குக் கிளையில்தான் 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். அங்கும் ஐரோப்பியத் துருப்புகள் இப்படித்தான் கோடு கட்டி நின்றன, ஆட்கள்தான் குறைவு.

லாய்த்தனை மற்றவர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள், பிரஷ்யர்களும் அதிலேயே மயங்கிக் கிடந்தார்கள். வேறு வழியை யோசித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். படையை டிவிஷன்களாக வெட்டினார்கள். பிறகு நெப்போலியன் அவற்றைச் சேர்த்து, மூன்று வகைப் படையும் கொண்ட கோர்களாக்கினார். ஒவ்வொன்றும் தனித்தனிச் சாலையில் போகலாம், மற்றவை வரும்வரை தனியாக நின்று சண்டை போடலாம். பிரஷ்யா டிவிஷன்களை அமைத்தது 1806இல், போர் வாசலுக்கு வந்த பிறகுதான். தளபதிகளுக்கு அதை நடத்திப் பழக்கமே இல்லை. அந்தப் படையின் மூத்த ஃபீல்டு மார்ஷல்களில் ஒருவர் 82 வயதான மோலன்டார்ஃப், தேவாலய வாசலை உடைத்த அதே ஆள். காயம்பட்டு எர்ஃபர்ட்டில் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானார்.

அதே 1806 அக்டோபர் 14 அன்று அவுவர்ஸ்டெட்டில் பிரெஞ்சுத் தளபதி தாவூவின் ஒற்றைக் கோர், சுமார் 27,000 பேர், ஏறக்குறைய இருமடங்கு பெரிய பிரஷ்யப் பிரதானப் படையைச் சந்தித்தது. தாவூவின் மூன்று டிவிஷன்களும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. முதலில் வந்த குய்தானின் டிவிஷன் மற்றவர்களுக்குக் காத்திருக்காமல் சண்டையைப் பிடித்துக்கொண்டது. ஃபிரியான் வந்து ஒரு பக்கம் சேர்ந்தார், மொரான் வந்து மறுபக்கம் சேர்ந்தார். பகல் கழிவதற்குள் பிரஷ்யர்கள் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.