வெசாக் கூடு பார்க்கலாமா, சேர்?

இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை (தரம் 11) வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்தாக வேண்டும். பல இனப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரிந்து ஆளுக்கொரு அறைக்குப் போகும். முஸ்லிம் பாடசாலைகளில் பெரும்பாலும் அந்தப் பிரிவுக்கே வேலையில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 70 பேர் பௌத்தர்களாகவும் பத்துக்கும் குறைவானோர் முஸ்லிம்களாகவும் வாழ்ந்த நாடு இது. பதினொரு வருடம் சமயம் படித்து வெளியேறும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் சமயத்தில் ஒரு விஷயமாவது ஒழுங்காகத் தெரியுமா என்றால், சந்தேகம்தான்.

நான் இஸ்லாம் பாட ஆசிரியர். மே மாதம் வந்தால் வகுப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சேர், வெசாக் கூடு பார்க்கப் போனா ஹராமா?" பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் அலங்கார விளக்குகளைப் பார்ப்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்டதா என்று, மார்க்கத்தில் அக்கறையுள்ள பிள்ளை கேட்கும் கேள்விதான். ஆனால் வெசாக் எதற்கு என்று திருப்பிக் கேட்டால் "லீவு சேர்" என்பதோடு நின்றுவிடும். புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் (மறைவு) மூன்றையும் அந்தப் பௌர்ணமியில் நினைவுகூர்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. விஷயம் தெரியாது, ஹுக்ம் (மார்க்கத் தீர்ப்பு) மட்டும் வேண்டும். மேடை பயான்களும் (மார்க்கச் சொற்பொழிவுகளும்) பிள்ளைகளை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன.

நல்லிணக்கக் கூட்டம் என்றால் நம்மவர்கள் "உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" என்ற வசனத்தை ஓதிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சரி, அது எல்லையைச் சொல்கிறது. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று குர்ஆனின் சூரா ஹுஜுராத் (49:13) சொல்கிறதே, அந்த அறிதல் எந்தப் பாடவேளையில் நடக்கிறது? அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்ற அன்ஆம் சூராவின் 108ஆம் வசனமும் பிள்ளைகளுக்குப் புதிதாகத்தான் இருக்கிறது. சிலைகளுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கும் பையன்களிடம் நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

வகுப்பில் நான் பின்பற்றும் முறை அல்-பிரூனியிடம் எடுத்தது. 973இல் பிறந்த அந்த அறிஞர் சமஸ்கிருதம் கற்று, 1030 அளவில் இந்துக்களின் நம்பிக்கைகளைப் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதினார். இது வாதம் செய்யும் நூல் அல்ல, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வதுபோலவே தருகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அதையே விதியாக வைத்திருக்கிறேன்: அடுத்தவர் சமயத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால், அந்தச் சமயத்தவர் வாசித்து "ஆமாம்" என்று சொல்ல வேண்டும்.

ஒருமுறை தரம் 9 பிள்ளைகள், "பௌத்தர்கள் புத்தரிடம் கேட்டு வாங்குவதற்காகப் பூ வைக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் மொழி சிங்களம் கற்பிக்கும் ஆசிரியை பௌத்தர். அவரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, பூ வைக்கும்போது சொல்லும் பாளி வரியைச் சொல்லிக் காட்டினார். இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்பது அதன் கருத்து. பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி உடனே "குல்லு நஃப்ஸின் தாயிகத்துல் மவ்த்" என்றாள்; ஒவ்வோர் உயிரும் மரணத்தைச் சுவைக்கும் என்ற குர்ஆன் வசனம் அது. அப்புறம் அவளே, "ஆனா டீச்சர், உங்கள்ல படைச்சவன் யாரு?" என்று கேட்டாள். படைத்தவன் ஒருவன் என்ற கருத்து பௌத்தத்தில் இல்லை என்று ஆசிரியை நேராகச் சொன்னார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று மழுப்பியிருந்தால் பிள்ளைகள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் ஈமான் (இறைநம்பிக்கை) ஆடிவிடும் என்று பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள். தவ்ஹீதை, அதாவது இறைவன் ஒருவனே என்ற கொள்கையை, சரியாகப் படித்த பிள்ளைக்கு வித்தியாசம் தெரிவதில் ஆபத்து இல்லை. ஆபத்து, ஒன்றும் தெரியாத பிள்ளை கைபேசியில் வரும் வெறுப்பு வீடியோவிலிருந்து அடுத்த சமயத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றப் பாடசாலைகளிலும் இஸ்லாத்தைப் பற்றி இதே இருட்டுத்தான். அது அங்குள்ள ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய வேலை.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாச் சமயப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இஸ்லாம் ஆசிரியர்கள் முதலில் தங்கள் வகுப்புத் தரத்துக்குரிய சைவநெறி (இந்து சமயப் பாட) நூலைத் தரவிறக்கி வாசிக்கலாம். அது தமிழிலேயே இருக்கிறது.