இல்லாத மரபணு செய்யும் வேலை

ஏபோபெக்-3 என்ற நொதிக் குடும்பம் நம் செல்களுக்குள் இருந்து வைரஸ்களை எதிர்க்கிறது. உள்ளே நுழைந்த வைரஸின் டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தை யுராசிலாக மாற்றிவிடும். நிறைய எழுத்துகள் இப்படிக் கெட்டுப்போனால் வைரஸால் பெருக முடியாது.

ஆனால் சைட்டோசின் நம் டிஎன்ஏவிலும் இருக்கிறதே! செல் பிரியத் தயாராகி டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது அதன் இரண்டு இழைகளும் கொஞ்ச நேரம் பிரிந்து நிற்கின்றன. அந்த ஒற்றை இழையில் இந்த நொதிகள் கைவைக்க முடியும். பழுதுபார்க்கும் புரதங்கள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். தப்பியவை பிறழ்வுகளாகத் தங்கிவிடும்.

பல மார்பகப் புற்றுக்கட்டிகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏபோபெக்-3பி அளவுக்கு மீறி உற்பத்தியாவது 2013இல் தெரியவந்தது. சரி, 3பி இல்லாமலே பிறந்தவர்களுக்கு ஆபத்து குறையும்தானே? அப்படிப்பட்டவர்கள் உண்டு. 22ஆம் குரோமோசோமில் சுமார் 29,500 எழுத்துகள் பரம்பரையாகவே விடுபட்டிருக்கும்; 3பி மரபணுவும் அதோடு போய்விடும். ஒவ்வொருவரிடமும் இந்தக் குரோமோசோமின் இரண்டு பிரதிகள் உண்டு. இந்த நீக்கம் ஆப்பிரிக்கர்களிடம் அரிது, ஐரோப்பியர்களிடம் 100 பிரதிகளில் ஏறத்தாழ 6, கிழக்காசியர்களிடம் ஏறத்தாழ 37. அதே 2013இல் சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வு நேர்மாறான விடை தந்தது: ஒரு பிரதியில் நீக்கம் இருந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு, இரண்டிலும் இருந்தால் சுமார் 1.8 மடங்கு.

இதற்கு இப்போதுள்ள நல்ல விளக்கம் அதே குடும்பத்தைச் சேர்ந்த பக்கத்து மரபணுவான 3ஏவைப் பற்றியது. இரண்டுக்கும் நடுப்பகுதி போனதும் 3ஏவின் வால், அதாவது கடைசித் துண்டு, போய், அந்த இடத்தில் 3பியின் வால் வந்து ஒட்டிக்கொள்கிறது. புது வாலோடு உருவாகும் தூது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய உதவும் மரபணுவின் நகல், சீக்கிரம் சிதையாது. அதனால் 3ஏ புரதம் கூடுதலாக உருவாகும். டிஎன்ஏவில் எழுத்து மாற்றுவதில் 3ஏ, 3பியைவிடக் கெட்டிக்காரன். நீக்கம் உள்ளவர்களின் கட்டிகளில் ஏபோபெக் பாணிப் பிறழ்வுகள், அதாவது தைமின் என்ற எழுத்துக்கு அடுத்து நிற்கும் சைட்டோசின் மாறியிருப்பது, அதிகம் என்று 2014இல் கண்டார்கள். என்னைக் கேட்டால், ஆபத்து மடங்குகளைவிட இந்தத் தடயமே நம்பத்தக்கது. மடங்குக் கணக்கு பின்னால் ஐரோப்பியப் பெண்களிடம் ஒரே மாதிரி வரவில்லை.

மார்பகப் புற்றுநோய் ஆபத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ-1 மரபணுப் பிறழ்வுக்கு இணையாக இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பிறழ்வைச் சுமக்கும் பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம்.

அப்புறம் இன்னொன்று. பிறழ்வு கூடக்கூட, கட்டியின் புரதங்கள் உடலுக்கு அந்நியமாகத் தெரியும். நோயெதிர்ப்பு அமைப்பின் டி செல்கள் அவற்றை அடையாளம் காண வாய்ப்பு கூடும். நீக்கம் உள்ளவர்களின் மார்பகக் கட்டிகளில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதை 2015இல் பார்த்திருக்கிறார்கள்.