எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர் ஊற்று

இங்கிலாந்தின் பாத் நகரத்துப் பழைய வெந்நீர்க் குளியல் கூடங்கள் இன்று நலவாழ்வு மையமாக இயங்குவதைப் படித்த சுங்காய் தோட்டத்து வாசகர் ஒருவர், “அங்கும் எரிமலை இல்லை, நம் பேராக்கின் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றிலும் இல்லை; பிறகு தண்ணீரைச் சுட வைப்பது எது?” என்று கேட்டிருக்கிறார்.

அடுப்பு நிலத்தடியில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கீழே போனால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். மெண்டிப் குன்றுகளில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறை வழியே 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திற்கு இறங்கிச் சூடேறி, பாத் நகரில் 46 பாகையில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெளிவருகிறது. சுங்கை கிளாவை ஒட்டிய நம் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுப் பழமையானது. உருகிய நிலையில் அதற்கிருந்த சூடு எப்போதோ ஆறிவிட்டாலும், அதிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து இன்றும் வெப்பம் தருகின்றன.

சூடான நீர் இத்தனை தூரம் ஏறியும் ஆறாமல் வருவதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஒருபுறம் இறங்கும் குளிர்ந்த நீர் கனமானது, மறுபுறமுள்ள சுடுநீர் இலேசானது என்பதால், கனமானது தள்ள இலேசானது பாறைப் பிளவு வழியே விரைந்து ஏறுகிறது. பால்மரம் வெட்டப் போகுமுன் அம்மா பிளாஸ்க்கில் முதலில் கொதிநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அதன் பிறகே தேநீரை நிரப்புவார். வெறும் பிளாஸ்க் குடித்துவிடும் சூட்டை அந்த முதல் நீர் கொடுத்துவிடும். பிளவின் சுவர்களும் அப்படித்தான்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓடிய நீர் அவற்றைச் சூடேற்றி வைத்திருப்பதால், இன்று வரும் நீர் வழியில் அதிகம் இழப்பதில்லை.

ஆனால் அந்த நீர் மேல்மண்ணை எட்டும் இடத்தில் கிருமி சேரலாம். 1978இல் பாத் குளத்தில் நீந்திய சிறுமி ஒருத்தி, மூக்கின் வழியே மூளைக்கு ஏறும் அமீபாவால் இறந்தபின் குளியல் நிறுத்தப்பட்டது. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டித் தூய நீரை எடுத்த பிறகே, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டு 2006இல் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. நம் ஊற்றுகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய நீர்ச் சோதனைக்கு அரசு தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறுகிய தசை வெந்நீரில் தளரும் என்பது உண்மை. ஊற்று நீர் நீரிழிவைத் தீர்க்கும் என்ற பேச்சை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிக்குத் தோல் வெந்தாலும் தெரியாது என்பதால், அவர் காலை வைக்குமுன் உடன் வந்தவர் நீரின் சூட்டைப் பார்த்துவிட வேண்டும்.