ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டால் அடிதடி வழக்கு முடிந்துவிடாது

போன வாரமும் ஒரு பையன் வந்தான். வாய்க்கால் தகராறில் பெரியப்பா மகனோடு கைகலப்பு. ஊர்ப் பெரியவர்கள் பேசி, இரண்டு தரப்பும் சமாதானமாகப் போவதாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு மறந்துவிட்டான். இப்போது பிடிவாரண்ட். "அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்களே சார்?" இதற்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீதோடு நிற்கும்வரை பேசி முடிக்கலாம். எப்.ஐ.ஆர். பதிவான பிறகு வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி எப்படி வழக்கை வாபஸ் வாங்குவார்? "பார்த்துக்கலாம்பா" என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். குற்றப்பத்திரிகை மட்டும் கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

சமாதானமாகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. முறையாகப் போங்கள். கையால் அடித்த சாதாரணக் காயம், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 115(2) பிரிவு என்றால், அடிபட்டவர் மாஜிஸ்திரேட் முன் நின்று சொன்னால் போதும். எலும்போ பல்லோ உடைந்து 117(2) ஆகிவிட்டால் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். அரிவாள், கத்தி என்று ஆயுதம் வந்து 118(1) போட்டுவிட்டால் மாஜிஸ்திரேட்டாலும் முடித்துவைக்க முடியாது. இரண்டு தரப்பும் உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். தென் மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை.

(2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குத்தான் இந்தப் புதிய எண்கள். அதற்கு முந்தைய சண்டை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 323, 325, 324. அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்ற மூன்றும் சேர்ந்தே வருவது மட்டும் மாறவில்லை. எல்லா ஊரிலும் ஒரே வரிசையில்தான் சண்டை போடுவார்கள் போலிருக்கிறது.)

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு உடனே கைது செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்வார்கள். போங்கள். போகாமல் மாமியார் வீட்டில் ஒளிந்தால் கைதுக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

அப்புறம் இந்த ஜி.எச். வைத்தியம். நிஜமாக அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தப்பில்லை. எதிர்ப்புகார் கொடுப்பதற்காகவே கீறலோடு போய்ப் படுப்பவர்களைத்தான் சொல்கிறேன். டியூட்டி டாக்டர் முதலில் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதுவார்: எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு. அங்கே "தெரிந்த இரண்டு பேர், கையால்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் புகாரில் ஏழு பேர், இரும்புக் கம்பி என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று தீபாவளி. எதிர்ப்புகார் கொடுத்தால் உங்கள் மேல் உள்ள வழக்கு கழிந்துபோகாது. இரண்டும் தனித்தனியாக ஓடும், வாய்தாவும் இரண்டு.

கண்டிஷன் பெயில் கிடைத்தால் கையெழுத்துப் போடப் போங்கள். "ரெண்டு நாள்தானே சார் விட்டேன்" என்று வராதீர்கள். சாட்சிக்கு வாட்ஸ்அப்பில் மிரட்டல் அனுப்பிவிட்டு அழித்துவிட்டேன் என்றும் வராதீர்கள். அவர் போனில் அது இருக்கும்.

காவலர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கெஞ்சிக் கேட்கிறேன். சாட்சி பிறழ்ந்ததாலோ, சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றுதான் தமிழ்நாடு காவல் பணி விதி உங்களைப் பார்க்கும். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் இன்னும் மோசம். ஊர்க்காரர் சொல்லும் "சாட்சியைப் பேசிக்கலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்டும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய தகராறு ஏதாவது ஸ்டேஷன்வரை போயிருந்தால், சம்மன் வரட்டும் என்று உட்காராதீர்கள். இகோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எப்.ஐ.ஆர். எண், ஆண்டு போட்டால் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறதா, அடுத்த வாய்தா என்றைக்கு என்பது தெரியும். காசு கிடையாது. இன்றைக்கே பாருங்கள்.